படம் உங்களுடையது, உரிமை யாருடையது? புதிய படைப்பாளிகளுக்கான பதிப்புரிமை வழிகாட்டி

வரைகிறவர், எழுதுகிறவர், குறும்படம் எடுக்கிறவர், யூடியூபில் பாடுகிறவர் என்று யார் பதிப்புரிமை பற்றிப் பேச வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கே ரிஜிஸ்டர் பண்றது?" கேள்வி சரிதான், ஆனால் அது மூன்றாவதாக வரவேண்டியது. உங்களிடம் என்ன உரிமை இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். அப்புறம் அதை ஏற்கெனவே யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று பார்க்கவேண்டும். நான் பார்த்தவரை திருட்டில் உரிமையை இழந்தவர்களைவிட, வந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு இழந்தவர்களே அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் பதிவு பற்றிய பகுதி கொஞ்சம் பின்னால்தான் வரும்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் எண் அறிவுசார் சொத்துச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அங்கே பாதுகாப்புக் காலமும் வேறு. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நாடுகளில் இருப்பவர்கள் நடைமுறை யோசனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உரிமை எப்போது பிறக்கிறது?

வரைந்து முடித்த நிமிடத்தில். கதை தாளிலோ கணினியிலோ எழுத்தாகிவிட்டால், படம் கேமராவில் பதிவாகிவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் 1957 அதைப் பாதுகாக்கத் தொடங்கிவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. வட்டத்துக்குள் 'சி' போட்ட குறியும் கட்டாயமில்லை; போட்டால் நல்லது, அவ்வளவுதான். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால், அதில் சேர்ந்திருக்கும் மற்ற நாடுகளிலும் தனிப்பதிவு இல்லாமலே உங்கள் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு.

எவ்வளவு காலத்துக்கு? எழுத்து, ஓவியம், இசை, புகைப்படம் ஆகியவற்றுக்குப் படைப்பாளியின் ஆயுள்காலமும், அவர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகளும். 1964இல் ஒருவர் காலமானார் என்றால் 2024 டிசம்பர் 31 வரை. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். முன்பு இது 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. தாகூர் 1941இல் மறைந்தவர். அவருடைய படைப்புகளின் உரிமை 1991 முடிவில் தீர இருந்த நேரத்தில்தான் அவசரச் சட்டம் போட்டு 60 ஆக்கினார்கள். இலங்கையில் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள்.

எதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான். வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது. "ஜல்லிக்கட்டுக் காளையும் ஒரு சிறுமியும் என்ற கதை முதலில் என் மனதில்தான் வந்தது" என்று வழக்குப் போட முடியாது. அந்த யோசனையை நீங்கள் சொன்ன விதத்துக்கு, அதாவது காட்சி, வசனம், கோடு, நிறம் இவற்றின் குறிப்பிட்ட அமைப்புக்குத்தான் உரிமை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு நாடகத்தின் கருவை வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள் என்ற அந்தப் புகார் நிற்கவில்லை. தலைப்புக்கும் பதிப்புரிமை இல்லை என்று 2015இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. கதையைத் தொலைபேசியில் வாய்வழியாகச் சொல்லிவிட்டு வருவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும். முதலில் எழுதுங்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள், பிறகு சொல்லுங்கள்.

பணத்தோடு சம்பந்தமில்லாத உரிமை ஒன்றும் உங்களுக்கு உண்டு. சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உரிமையை விற்ற பிறகும் "இது என் படைப்பு" என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பெயர் கெடும்படி யாராவது படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் முடியும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்யான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. பணம் கொடுத்து வாங்கியது அரசு, சிற்பம் அரசுடையது. ஆனாலும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. உங்கள் ஓவியத்தின் பாதியை வெட்டி, நீங்கள் ஏற்காத ஒரு வாசகத்தை மேலே எழுதிப் பரப்புகிறார்களா? பணக் கணக்கை விடுங்கள், இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

பணம் வாங்கி வரைந்தால், எடுத்தால் உரிமை யாருக்கு?

பலரும் கவனிக்காத இடம் 17ஆம் பிரிவு. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம். வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் மாறும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது: ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படம், வரைந்த வண்ண ஓவியம் அல்லது உருவப்படம், எடுத்த திரைப்படம் இவற்றுக்கு முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். எதிராக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே உங்களுக்கு.

கல்யாணப் போட்டோகிராபரை எடுத்துக்கொள்வோம். மண்டபத்தில் விடியற்காலை 4 மணியிலிருந்து நின்று எடுத்தவர் அவர், ஃபிரேம் அவருடையது, வண்ணம் திருத்தியதும் அவர். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அந்தப் படங்களின் உரிமை பொதுவாகப் பெண் வீட்டாருக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோ, யார் பணம் கொடுத்தார்களோ அவர்களுக்குத்தான். முகூர்த்தக் காட்சியைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவதற்குக்கூட அவர்தான் அனுமதி கேட்கவேண்டும். முன்பணம் வாங்கும் ரசீதிலேயே இரண்டு வரி சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது: "படங்களின் பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கு. குடும்பத்தினர் தங்கள் சொந்தத் தேவைக்கு எவ்வளவு பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் முன் குடும்பத்திடம் காட்டிச் சம்மதம் பெறும்."

எழுதுகிறவர்களுக்கு நிலைமை தேவலை. நீங்கள் யாரிடமும் ஊழியர் அல்ல, ஒரு கட்டுரைக்கோ கதைக்கோ காசு வாங்கி எழுதிக் கொடுத்தீர்கள் என்றால், எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காதவரை உரிமை உங்களிடமே இருக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் அனுப்பவேண்டிய செய்தி

பெரிய ஒப்பந்தம் வேண்டாம். அட்டைப்படம் வரையச் சொல்லி ஒரு பதிப்பகம் வாட்ஸப்பில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலையை மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்:

"வணக்கம் சார். அட்டை ஓவியத்துக்கு ரூ.8,000. இந்தத் தொகைக்கு ஓவியத்தை இந்த நூலின் தமிழ்ப் பதிப்பில், அச்சு, மின்னூல் இரண்டிலும், 5 ஆண்டுகளுக்கு அட்டையாகவும் நூல் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்புப் பதிப்பு, ஒலிநூல், டி-ஷர்ட், நாட்காட்டி போன்றவற்றுக்குத் தனியாகப் பேசிக்கொள்வோம். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். உரிமைப் பக்கத்தில் ஓவியர் பெயர் வரவேண்டும். இரண்டு முறை திருத்தம் செய்து தருவேன். லேயர் உள்ள மூலக் கோப்பு இதில் சேராது. சம்மதம் என்று பதில் அனுப்பி, பாதித் தொகை முன்பணம் போட்டதும் தொடங்குகிறேன்."

சம்மதம் என்று பதில் வந்தால் அதுவே எழுத்துப்பூர்வமான அனுமதிப் பத்திரம். ஏனென்றால் உரிமையை உங்களிடம் வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் விடும் லைசென்ஸ் எழுத்தில் இருந்தால் போதும். உரிமையையே முழுதாக மாற்றிக் கொடுப்பது வேறு. அதற்கு உங்கள் கையெழுத்தோடு எழுத்து ஆவணம் வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்று அதில் இருக்கவேண்டும். காலம் சொல்லவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஆவணத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதி. படைப்பாளி பக்கம் சாய்ந்த சட்டம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் "உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று ஒரு வரி இருந்து, நீங்கள் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டால் இந்தச் சலுகைகள் பறந்துவிடும்.

அதனால் வரும் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள். 'உரிமை மாற்றம்' என்கிறதா, 'அனுமதி' என்கிறதா? காலமும் இடமும் என்ன? "இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற வரி இருக்கிறதா? இந்தக் கடைசி வரிக்கு ஒரு கடிவாளம் உண்டு. ஒப்பந்தம் போட்ட நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லி எழுதினாலொழிய, கைமாறாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. பழைய ஒப்பந்தத்தைக் காட்டிப் புது ஊடகத்துக்கும் உரிமை கோருவதை இது தடுக்கிறது. எனக்குப் பிடித்த திருத்தம் இது.

போட்டிகளுக்கு அனுப்புகிறவர்கள் விதிமுறைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். "வரும் படைப்புகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்று இருந்தால், பரிசு பெறாத உங்கள் 20 படங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். பரிசு பெற்ற படைப்புக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். மாற்றாவிட்டால் உங்கள் சிறந்த படத்தை அங்கே அனுப்பாதீர்கள்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் ஏற்றினால் உரிமை போய்விடுமா என்று கேட்பார்கள். போகாது. உரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் அந்தத் தளம் உங்கள் படத்தைக் காட்டவும், சேமிக்கவும், பிறருக்குக் காட்ட அனுமதிக்கவும் இலவச லைசென்ஸ் ஒன்றைக் கொடுக்கிறீர்கள். அந்த லைசென்ஸ் தளத்துக்குத்தான். அங்கே பார்த்த டி-ஷர்ட் கடைக்காரருக்கு அல்ல.

ஆதாரம் சேர்ப்பது

இதற்குச் செலவே இல்லை, பழக்கம்தான் வேண்டும். முடிந்த படத்தைக் காட்டி "இது என்னுடையது" என்பதைவிட, அது உருவான வழியைக் காட்டுவதே வலுவான ஆதாரம். புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் வரைகிறவர்களுக்கு, வரைந்த வழியை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோ தானாகவே பதிவாகும். அதை அணைத்து வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் ஏற்றுமதி செய்து வையுங்கள். லேயர் கலையாத கோப்பு, பென்சில் வரைவு, புகைப்படக்காரர் என்றால் கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத ரா கோப்பும் அதே இடத்தில் எடுத்த முன்பின் படங்களும். திருடியவரிடம் ஒரு ஜேபெக் தான் இருக்கும், இவை இருக்காது. எழுதுகிறவர்கள் கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறு தானே சேரும்.

வெளியே விடும்போது சிறிய அளவில் விடுங்கள். அச்சிடும் தரத்தில் உள்ளது உங்கள் வட்டில் மட்டும் இருக்கட்டும். கோப்பின் விவரப் பகுதியில் பெயர், மின்னஞ்சல், உரிமைக் குறிப்பு சேருங்கள். இந்த விவரங்களை வேண்டுமென்றே நீக்குவதே 65பி பிரிவின்படி தனிக் குற்றம். ஆனால் வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள். படத்தின் மூலையில் போடும் வாட்டர்மார்க்கை ஒரு விரல் அசைவில் வெட்டிவிடலாம். கையெழுத்தை முக்கியமான உருவத்தை ஒட்டி, வெட்டினால் படம் கெடும் இடத்தில் போடுவதே மேல். படம் முழுக்கக் குறுக்கே எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பார்க்க வந்தவரும் ஓடிவிடுவார்.

தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொண்டு உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தேதிக்கு ஒரு சாட்சி ஆகலாம், அதைத் தாண்டி அதற்குத் தனி மதிப்பில்லை. திரைக்கதை எழுதுகிறவர்கள் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிந்து வைப்பதும் அப்படித்தான், ஆனால் இதன் மதிப்பு கூடுதல். தகராறு வந்தால் சங்கமே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வாய்ப்பிருக்கிறது. அது அரசுப் பதிவு அல்ல என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

சரி, இப்போது பதிவு

டெல்லி துவாரகாவில் இருக்கிறது பதிப்புரிமை அலுவலகம். நேரில் போகத் தேவையில்லை, அதன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். நிரப்பவேண்டியது படிவம் 14. அதனுடன் படைப்பின் விவரங்கள், கூடுதல் விவரங்கள் என்ற இரண்டு பட்டியல்கள். படைப்பின் வகை, தலைப்பு, மொழி, உருவாக்கியவர், உரிமையாளர், வெளியாகிவிட்டதா, எந்த ஆண்டு, எந்த நாட்டில் என்று கேட்கும். இணையத்தில் ஏற்றியதும் வெளியீடுதான், அதனால் "வெளியாகவில்லை" என்று போட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் ஆறு மாதமாக வைத்திருந்தால் முரண்படும்.

கட்டணம்: எழுத்து, இசை, ஓவியம், புகைப்படம் ஆகியவற்றுக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய். பொருள்கள்மேல் போடும் ஓவியம், லேபிள், லோகோ என்றால் 2,000. இதற்கு மட்டும் அதே மாதிரி வணிகக்குறி இல்லை என்று வணிகக்குறிப் பதிவகத்திலிருந்து சான்றும் வாங்கவேண்டும். ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. ஒரு விண்ணப்பத்தில் ஒரு படைப்புதான்.

விண்ணப்பிப்பவரும் படைத்தவரும் வேறு வேறு ஆள் என்றால் படைத்தவரின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். பதிப்பகம் வெளியிட்டது என்றால் பதிப்பகத்தின் கடிதம். படைப்பில் ஒருவருடைய புகைப்படம் இருந்தால் அவருடைய கடிதமும். இந்தக் கடிதங்கள் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் குறை சுட்டிக்காட்டும் கடிதத்தோடு நின்றுவிடுகின்றன.

பணம் கட்டியதும் டைரி எண், அதாவது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான எண் வரும். அன்றிலிருந்து 30 நாள், யாராவது ஆட்சேபம் தெரிவிக்கிறார்களா என்று காத்திருப்பார்கள். பிறகுதான் பரிசோதனை, கேள்வி, தேவைப்பட்டால் விசாரணை, சான்றிதழ். "ஒரே நாளில் காப்பிரைட் வாங்கித் தருகிறோம்" என்று பல ஆயிரம் வாங்கும் தரகர்கள் கொடுப்பது பெரும்பாலும் இந்த டைரி எண்ணைத்தான். நீங்களே 500 ரூபாயில் வாங்கிவிடலாம்.

எல்லாவற்றையும் பதிவு செய்யவேண்டுமா? தினமும் ஒரு படம் போடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக ஏற்கப்படும், அதாவது மறுக்கிறவர்தான் அதைப் பொய்யென்று காட்டவேண்டும். ஆகவே காசு புரளும் படைப்பை, கதாபாத்திர வடிவமைப்பை, நாவலை, திரைக்கதையைப் பதியுங்கள். மற்றதற்கு மேலே சொன்ன ஆதாரங்கள் போதும்.

சேலை, துணி, பாத்திரம் போன்றவற்றுக்கு வடிவம் போடுகிறவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிகளுக்குமேல் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அதன் பதிப்புரிமை போய்விடும். அங்கே போகவேண்டிய அலுவலகமே வேறு.

திருட்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்

கோபம் வரும், உடனே போய் கமெண்டில் எழுதத் தோன்றும். வேண்டாம். அவர் அழித்துவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. முகவரி, தேதி தெரியும்படி முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். பொருளாக விற்கிறார்கள் என்றால் ஒன்றை வாங்கி, பில்லோடு வையுங்கள். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் தேடி வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு ஆளைப் பொறுத்து முடிவு. சின்ன ரசிகர் பக்கம், காசு இல்லை, பெயர் போடாமல் பகிர்ந்துவிட்டார் என்றால் தனிச் செய்தியில் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் பெயரைச் சேர்த்துவிடுவார். வியாபாரம் செய்கிறவர் என்றால் நேரே பில் அனுப்புவது ஒரு நல்ல வழி: இன்ன படம், இன்ன நாளிலிருந்து பயன்படுத்தியிருக்கிறீர்கள், உரிமக் கட்டணம் இவ்வளவு, 7 நாளுக்குள் கட்டுங்கள் அல்லது நீக்குங்கள். மிரட்டல் தொனி வேண்டாம். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விட்டால் 60ஆம் பிரிவைக் காட்டி அவரே உங்கள்மேல் வழக்குப் போடலாம்.

அதற்கும் அசையாவிட்டால் தளத்துக்குப் புகார். யூடியூப், மெட்டா, அமேசான், ஃபிளிப்கார்ட் எல்லாவற்றிலும் அறிவுசார் சொத்துப் புகாருக்கென்றே வழி இருக்கிறது, இலவசம், பதிவுச் சான்று கட்டாயமில்லை. உங்கள் மூலப்படம் இருக்கும் முகவரி, திருட்டுப் பிரதி இருக்கும் முகவரி இரண்டையும் துல்லியமாகக் கொடுங்கள். "அவர் பக்கம் முழுக்க என் படம்தான்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. உங்கள் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகலாம் என்பதும் நினைவிருக்கட்டும். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், யூடியூபில் 10 அமெரிக்க வேலைநாட்களுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும்.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு ஒரு முறை உண்டு. பதிப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி எழுத்தில் புகார் கொடுத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை முடக்கவேண்டும். ஆனால் 21 நாளுக்குள் வழக்குத் தொடுப்பேன் என்ற உறுதிமொழியையும் அதில் தரவேண்டும். நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். வழக்குக்குத் தயாராக இல்லாதவர்கள் தளத்தின் படிவத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தமிழ்ப் புத்தகங்களின் பிடிஎஃப் டெலிகிராமில் ஊர்வலம் போவது எல்லோருக்கும் தெரியும். ஒரு சேனலை மூடினால் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும். 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடநூல்களையும் வகுப்புக் காணொளிகளையும் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்களை நடத்தியவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி போன்ற விவரங்களைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. பெயர் தெரியாது என்பதால் தப்பித்துவிடலாம் என்ற தெம்பு அன்றே கொஞ்சம் போனது. தனி எழுத்தாளர் ஒருவர் அந்த அளவுக்குப் போவது கஷ்டம். பத்துப் பதிப்பகங்கள் சேர்ந்தால் முடியும். ஏன் சேரவில்லை என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

அடுத்தவர் படைப்பை நீங்கள் பயன்படுத்தும்போது

கிரெடிட் கொடுத்தால் போதும், 10 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை, காசு பார்க்கவில்லை என்று கீழே எழுதிவிட்டால் சரி: மூன்றுமே சட்டத்தில் இல்லை. 52ஆம் பிரிவு விமர்சனம், செய்தி, சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. படவிமர்சனத்தில் ஒரு காட்சியைக் காட்டிப் பேசலாம். பாட்டு முழுவதையும் பின்னணியில் ஓட்டிவிட்டு விமர்சனம் என்று சொல்ல முடியாது.

பாட்டில் பல அடுக்கு இருக்கிறது. வரிகள் ஒருவருக்கு, இசை ஒருவருக்கு, ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு. நீங்களே பாடினாலும் முதல் இரண்டும் தீராது. யூடியூபில் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி மூலம் உரிமைக்கோரல் வந்தால் பொதுவாக விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அது ஸ்ட்ரைக், அதாவது சேனல்மேல் விழும் எச்சரிக்கை அல்ல. நீக்கக் கோரிக்கையால் வருவதுதான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பதறுகிறவர்கள் நிறைய.

இலவசமாகப் பயன்படுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றைத் தேடுங்கள். உரிமத்தின் பெயரிலேயே நிபந்தனை இருக்கும்: பெயர் சொல்லவேண்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது, அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்று. நீங்களே உங்கள் படைப்புக்கு இந்த உரிமம் கொடுப்பதாக இருந்தால் ஒன்று: கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ரவி வர்மா 1906இல் மறைந்தவர், அவர் ஓவியங்களுக்கு உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தக் காலத்து ஓவியங்களை எடுத்தாள்வதில் பயமில்லை.

ஏஐ கொண்டு உருவாக்கிய படத்துக்கு என்ன என்பது இன்னும் தெளியாத இடம். 2020இல் ஓர் ஓவியத்துக்கு ராகவ் என்ற ஏஐ மென்பொருளையும் இணைப் படைப்பாளியாக ஏற்றுப் பதிந்த நம் பதிப்புரிமை அலுவலகமே மறு ஆண்டு அந்தப் பதிவைத் திரும்பப் பெற நோட்டீஸ் அனுப்பியது. ஏஐ உதவியோடு வேலை செய்தால் எந்தப் பகுதி உங்கள் கை என்று காட்டும் கோப்புகளை வைத்திருங்கள், வாடிக்கையாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீதிமன்றம் வரை போவதென்றால்

திருடியவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 62ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சிவகங்கையில் இருக்கும் ஓவியர் மும்பைக்கு அலையவேண்டாம். தடையாணை, இழப்பீடு, அவர் சம்பாதித்த லாபக் கணக்கு மூன்றையும் கேட்கலாம். மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். தெரிந்தே திருடியவர்மேல் குற்றவழக்கும் உண்டு: 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம், ஜாமீனில் விடத்தக்கதல்ல என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஸ்டேஷனில் "இதெல்லாம் சிவில் கேஸ்" என்று திருப்பி அனுப்பினால் அந்தத் தீர்ப்பின் நகலைக் காட்டலாம்.

மின்னணு ஆதாரம் கொடுக்கும்போது 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழ் சேரவேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண் கேட்பார்கள்; கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடும் அடையாள எண் அது. ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்த கோப்பை அப்புறம் வெட்டி, பெயரெழுதி, அம்புக்குறி போட்டுச் சேமிக்காதீர்கள். எடுத்தபடியே ஒன்று இருக்கட்டும், அம்புக்குறி வேறு பிரதியில் போடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடுகிறவர்களுக்கு: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமானம் குறைவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். போகும்போது மூலக் கோப்புகள் உள்ள பென்டிரைவ், ஸ்கிரீன்ஷாட் அச்சுகள், வாடிக்கையாளருடன் நடந்த செய்திப் பரிமாற்றம், பதிவுச் சான்று இருந்தால் அதன் நகல் இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.